‘எடிட்டிங்ல பாத்துக்கிடலாம்’: மாணவர் குறும்படத்தில் வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

ஸ்பாட்டில் ஏதாவது பிசகினால் யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார்: "விடுலே, எடிட்டிங்ல பாத்துக்கிடலாம்." கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்தப் பேச்சோடு தொடங்கியவை. சிலவற்றை உண்மையிலேயே எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம். பலவற்றை முடியாது. எது எந்த வகை என்று தெரிந்தால் பாதி ராத்திரி மிச்சம்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். எடிட்டிங் மென்பொருளை மூடுங்கள். கார்டிலிருந்து நகலெடுத்த மூலக் கோப்பை விஎல்சி பிளேயரில் ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள். அங்கேயே கோளாறு இருந்தால் அது படப்பிடிப்பில் வந்தது. அங்கே சரியாக இருந்து டைம்லைனில் (மென்பொருளில் கிளிப்புகளை வரிசையாக வைத்து வெட்டும் இடம்) மட்டும் தப்பாக இருந்தால் பெரும்பாலும் ப்ராஜெக்ட் அமைப்பில் வந்தது. இதைச் செய்யாமல் மென்பொருளை அழித்து மறுபடி நிறுவுவதில் பயனில்லை.

பேச்சு கேட்கவில்லை, காற்றுதான் கேட்கிறது

ஜூன் முதல் செப்டம்பர் வரை நெல்லை மாவட்டத்தின் பணகுடி, காவல்கிணறு, இராதாபுரம் பக்கம் வெளியில் வசனக் காட்சி வைத்தால் இது நிச்சயம். அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. மைக்கோடு வரும் கறுப்பு ஃபோம் உறை மின்விசிறிக் காற்றைத் தாங்கும். அங்கே அடிக்கும் மலைக்கணவாய்க் காற்றைத் தாங்காது. ரோமம் வைத்த உறை வேண்டும். கடையில் டெட்கேட் என்று கேளுங்கள்.

உறை இல்லையென்றால் ஆளை நகர்த்துங்கள். சுவர், வேன், வைக்கோல்போர் எதுவானாலும் சரி, காற்று வரும் பக்கம் அது இருக்க, மறைவுப் பக்கம் நடிகர் நிற்கட்டும். காலர் மைக்கைச் சட்டைக்கு வெளியே குத்தாமல் உள்பக்கமாக, மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே, மருந்துக்கடையில் விற்கும் காகிதப் பிளாஸ்திரியால் ஒட்டுங்கள். பருத்திச் சட்டை நல்லது. பாலியெஸ்டர், பட்டு இரண்டும் உரசிச் சரசரக்கும்.

பதிவாகிவிட்டதென்றால் ஒலி அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் மண்டை தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் அந்த டேக்கை விட்டுவிடலாம்; எந்த வடிகட்டியும் அதை மீட்காது. மண்டை உருண்டையாக இருந்தால் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் வடிகட்டியைப் போடுங்கள். காற்றின் உறுமல் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும்.

மைக் மாட்டியிருக்கிறது, ஆனால் ஒலி தூரத்திலிருந்து வருகிறது

போன் உங்கள் மைக்கைப் பார்க்கவே இல்லை, தன் சொந்த மைக்கில் பதிவு செய்திருக்கிறது. கேமராவுக்கான மைக் முனையில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கும். போனுக்கான முனையில் மூன்று. இரண்டு வளைய முனையைப் போனில் செருகினால் பொருந்தும், ஆனால் வேலை செய்யாது. அதற்கென்று விற்கும் மாற்றுக்கம்பி வேண்டும்.

கண்டுபிடிக்க ஐந்து வினாடி போதும். பதிவை ஓடவிட்டு மைக்கின் தலையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், பிறகு போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டுங்கள். திரும்பக் கேட்டால் எந்தச் சுரண்டல் சத்தமாக இருக்கிறதோ அதுதான் பதிவு செய்கிற மைக். ஒவ்வொரு நாளும் முதல் ஷாட்டுக்கு முன் இதைச் செய்யவேண்டும்.

கம்பியில்லா மைக் என்றால் இன்னும் இரண்டு. குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் மைக்கிலுள்ள இரைச்சல் குறைப்புப் பொத்தான் ஆன் ஆகியிருக்கிறது, அணையுங்கள். குரல் விட்டு விட்டு வந்தால் நடிகர் முதுகைக் காட்டி நிற்கிறார். இவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடுபவை, மனித உடம்பு அதை நன்றாகவே மறைக்கும். ரிசீவரை அவர் நெஞ்சு பார்க்கும் திசைக்கு மாற்றுங்கள்.

வீட்டுக்குள் எடுத்தது கிணற்றுக்குள் பேசியது மாதிரி

டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், திரைச்சீலை இல்லாத ஜன்னல் என்றிருக்கும் புது வீடுகளில் எதிரொலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எதிரொலியை எடிட்டிங்கில் எடுக்கும் கருவிகள் குரலையும் சேர்த்துச் சுரண்டிவிடும். அதனால் இது ஸ்பாட்டிலேயே முடிக்கவேண்டிய வேலை.

மைக்கைக் கிட்டே கொண்டுபோவதுதான் முதல் மருந்து. தூரத்தைப் பாதியாக்கினால் நேர்க்குரல் 6 டெசிபல் ஏறும். எதிரொலி ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதற்குமேல் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து நடிகருக்கு எதிர்ச்சுவரில் தொங்கவிடுங்கள், பஞ்சு மெத்தை ஒன்றைக் கேமராவுக்குப் பின்னால் சாய்த்து வையுங்கள். பத்தமடைப் பாயைத் தொங்கவிடும் யோசனை நெல்லைப் பக்கத்தில் எப்படியும் ஒருவருக்கு வரும். பாய் மெல்லியது, ஒலியை விழுங்க அதில் கனமே இல்லை. அதைத் தரையில் விரித்துப் படமெடுங்கள், அழகாக இருக்கும். அதிலும் ஒரு வம்பு உண்டு, பின்னால் வருகிறது.

மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார் மூன்றையும் அணைத்துவிட்டுத்தான் டேக். பெட்டியை அணைத்தவர் தன் பைக் சாவியை அதன்மேல் வைத்துவிட வேண்டும். கிளம்பும்போது சாவியைத் தேடுவார், பெட்டியைப் போடவும் ஞாபகம் வரும். பால் கெட்டுப்போன வீட்டில் இரண்டாம் நாள் படப்பிடிப்பு நடக்காது.

ஒரே காட்சியில் ஷாட்டுக்கு ஷாட் பின்னணிச் சத்தம் மாறுகிறது

ஒரு ஷாட்டில் மயில் அகவுகிறது, அடுத்ததில் அமைதி, அதற்கடுத்ததில் குழாய் ரேடியோ. ஒவ்வொரு இடத்திலும் வசனம் முடிந்தபின் எல்லோரும் வாயை மூடி நிற்க, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை 60 வினாடி பதிவு செய்யுங்கள். அதை டைம்லைனில் காட்சி முழுதும் அடியில் ஓடவிட்டு, வசனத் துண்டுகளின் இரு முனையிலும் 2 முதல் 4 ஃபிரேம் வரை கரைத்தால் வெட்டு காதுக்குத் தெரியாது.

ஊரில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, கால்நாட்டிவிட்டார்களா என்று விசாரித்துவிட்டுத் தேதி குறியுங்கள். கொடை நடக்கும் நாட்களில் பாட்டு ஓடாத நேரமே கிடைக்காது. பாட்டின் நடுவே வசனத்தை வெட்டினால் பாட்டும் வெட்டுப்படும். அதை ஒட்டவைக்க வழியே இல்லை. டப்பிங்தான்.

டப்பிங்குக்கு ஸ்டூடியோ தேடவேண்டாம். நிழலில் நிறுத்தி எஞ்சின் அணைத்த கார், கண்ணாடி ஏற்றிவிட்டால், நல்ல அறை. ஆனால் நடிகர் ஸ்பாட்டில் "எங்கன போற?" என்று கேட்டுவிட்டு டப்பிங்கில் "எங்கே போகிறாய்?" என்றால் உதடு ஒட்டாது. எழுதிய வசனத்தைக் கையில் கொடுக்காதீர்கள். ஸ்பாட்டில் பேசியதைக் காதில் போட்டு மூன்றுமுறை கேட்கவைத்து, நான்காவதில் பேசவையுங்கள்.

உதடும் குரலும் ஒட்டவில்லை

இதில் மூன்று தனித்தனி நோய் இருக்கிறது. எப்படி விலகுகிறது என்பதைப் பார்த்தால் எது என்று தெரியும்.

தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவு விலகியிருந்தால் அது வெறும் இடப்பெயர்ச்சி. கிளாப் அடித்த ஃபிரேமையும் ஒலி அலையில் அதன் கூர்முனையையும் நேராக வையுங்கள். கிளாப் பலகை வாங்கக் காசில்லையா, கேமராவுக்கு முன்னால் ஒரு கைத்தட்டு போதும்.

குரலின் சுருதியே மாறி, அவசரமாகவோ இழுவையாகவோ கேட்டால் ஒலியின் மாதிரி வீதம் (சாம்பிள் ரேட்) பொருந்தவில்லை. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 48 என்று நினைத்து ஓட்டினால் சுமார் 9 சதவீதம் வேகமாக ஓடும். கோப்பின் உண்மை வீதத்தைப் பார்த்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் 48-க்கு மாற்றி மறுபடி எடுத்து வாருங்கள். வீடியோ வேலைக்கு எல்லாக் கருவியையும் முதலிலேயே 48-இல் வைத்துவிடுவது நல்லது.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகுகிறதா? பெரும்பாலும் போன்தான் காரணம். போன் கேமரா வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே பதியும். விஎல்சி அதைச் சமாளித்துக்கொள்ளும். எடிட்டிங் மென்பொருள் சில நேரம் தடுமாறும். மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் கோப்பைத் திறந்தால் ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியில் வேரியபிள் என்று இருக்கும். அதை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு, வீடியோ பகுதியில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்டைத் தேர்ந்து, தர எண்ணை 16 முதல் 18-க்குள் வைத்து மாற்றுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். வெட்டத் தொடங்கும் முன்பே செய்யவேண்டும். பாதியில் கோப்பை மாற்றினால் வெட்டிய இடமெல்லாம் நகரும்.

மாற்றியும் விலகினால், தனி ரெக்கார்டரின் கடிகாரமும் கேமராவின் கடிகாரமும் கொஞ்சம் வித்தியாசமாக ஓடுகின்றன. 10 நிமிட டேக்கில் ஒலி 2 ஃபிரேம், அதாவது 25 ஃபிரேம் கணக்கில் 80 மில்லிவினாடி, நீண்டிருந்தால் வேகத்தை 100.013 சதவீதமாக்கவேண்டும். இதைவிட லேசான வழி, நடுவே மௌனமான இடத்தில் ஒலியை வெட்டி ஒரு ஃபிரேம் தள்ளுவது. 2 நிமிடத்துக்கு மேல் டேக் ஓட்டாவிட்டால் இந்தக் கணக்கே வராது.

படம் துடிக்கிறது, கறுப்புப் பட்டை ஓடுகிறது

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறி இறங்குவதால் டியூப்லைட்டும் மலிவான எல்ஈடி பல்பும் வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் முழுத் துடிப்புகள் அடங்கினால் கேமராவுக்குத் துடிப்பு தெரியாது. 1/100 என்றால் ஒரு துடிப்பு, 1/50 என்றால் இரண்டு. 1/60, 1/125 எல்லாம் அரைகுறையாக வெட்டும். அதனால் வீட்டுக்குள் ஷட்டரை 1/50-இல் பூட்டுங்கள். போனிலுள்ள கேமராவில் இந்த வசதி இல்லையென்றால் ஓபன் கேமரா, பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலிகளைப் போட்டுப் பாருங்கள். எல்லாப் போனிலும் எல்லா வசதியும் வராது.

120 ஃபிரேம் ஸ்லோமோஷனை டியூப்லைட்டில் எடுத்தால் துடிக்கத்தான் செய்யும். அந்த வேகத்தில் ஷட்டர் 1/120-ஐவிட நீளமாகத் திறக்கவே முடியாது. அந்த ஷாட்டை வெயிலுக்குக் கொண்டுபோங்கள்.

கேமரா நகரும்போது படம் திக்கித் திக்கிப் போகிறது

30 ஃபிரேமில் எடுத்ததை 25 ஃபிரேம் டைம்லைனில் போட்டிருப்பீர்கள். ஆறில் ஒரு ஃபிரேமை மென்பொருள் தூக்கி எறிகிறது. ஆள் உட்கார்ந்து பேசும் ஷாட்டில் தெரியாது. ஈரடுக்குப் பாலத்தில் பேருந்தோடு சேர்ந்து கேமரா நகரும் ஷாட்டில் பல்லைக் காட்டும். எந்த வேகத்தில் அதிகம் எடுத்தீர்களோ அதுவே டைம்லைன் வேகம். கிளிப் போட்ட டைம்லைனின் வேகத்தை ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் பிறகு மாற்ற முடியாது, புதிதாகத் தொடங்கவேண்டும். இரண்டு மூன்று போனில் எடுக்கும் அணி முதல் நாளே ஒரு எண்ணை முடிவு செய்யட்டும். ஐபோனில் 25 வேண்டுமென்றால் கேமரா அமைப்பில் ‘ஷோ பிஏஎல் (PAL) ஃபார்மட்ஸ்’ என்பதைத் திறந்துவிடவேண்டும். பல ஆண்ட்ராய்டு போன்களில் 30-தான் இருக்கும். அப்படியானால் எல்லோருமே 30.

முகம் கறுத்து, வானம் வெளுத்து

குறுக்குத்துறைப் படித்துறையில் ஆற்றைப் பின்னால் வைத்து ஆளை நிறுத்துகிற ஷாட் எல்லா மாணவர் படத்திலும் உண்டு போலிருக்கிறது. ஆட்டோவில் விட்டால் போன் தண்ணீரின் பளபளப்புக்கு அளவெடுத்து முகத்தை இருட்டாக்கும். முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவையும் ஃபோகஸையும் பூட்டுங்கள். ஆள் பேசும்போது ஃபோகஸ் உள்ளே வெளியே அலைவதும் இதே பூட்டில் நிற்கும்.

முகத்துக்கு வெளிச்சம் போதவில்லையென்றால் அரை அங்குலத் தெர்மாகோல் பலகை ஒன்றை நெஞ்சு உயரத்தில் சாய்த்துப் பிடியுங்கள். உச்சி வெயிலில் கண்குழி இருண்டால் நாலு முழ வேட்டியை நால்வர் தலைக்குமேல் விரித்துப் பிடித்தால் போதும், நல்ல மென்வெளிச்சம். காலை ஒன்பதரைக்கு முன்பும் மாலை நாலு மணிக்குப் பின்பும் எடுத்தால் நாலு பேருக்கு வேறு வேலை கொடுக்கலாம்.

வெள்ளை வேட்டி சட்டை தனிப் பிரச்சினை. மாநிற முகத்துக்கு அளவு வைத்தால் சட்டை வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வெளுத்த இடத்தில் விவரம் பதிவாகவே இல்லை, வண்ணத் திருத்தத்தில் இழுத்தால் சாம்பல்தான் வரும். சினிமாக்காரர்கள் செய்வதுபோல் வெள்ளைத் துணியை நீர்த்த தேயிலைச் சாயத்தில் முக்கி எடுங்கள். நேரில் பழுப்பு, திரையில் வெள்ளை.

முகத்தின் கீழ்ப்பாதி செம்மஞ்சள்

திசையன்விளை பக்கத்துத் தேரியில் எடுத்தால் வரும். செம்மணல் வெயிலை வாங்கி மோவாய்க்கு அடியில் செம்மஞ்சளாகத் திருப்பி அடிக்கிறது. ஆட்டோ வெள்ளைச் சமநிலை அந்தச் சிவப்பை ஈடுகட்டப் பார்த்து, ஷாட்டுக்கு ஷாட் வானத்தின் நீலத்தை மாற்றிக்கொண்டே போகும். 5600 கெல்வினில் பூட்டுங்கள். குளோசப்பில் நடிகர் காலடியில், சட்டகத்துக்கு வெளியே, ஒரு வெள்ளை வேட்டியை விரியுங்கள். அகல ஷாட்டில் அந்தச் சிவப்பை விட்டுவிடலாம். அதற்காகத்தானே அவ்வளவு தூரம் போனீர்கள்.

பாயிலும் சட்டையிலும் வானவில் நெளிகிறது

முன்பு சொன்ன வம்பு இதுதான். பத்தமடைப் பாயின் நெருக்கமான கோடுகளும் சென்சாரின் புள்ளி வரிசையும் மோதும்போது இல்லாத கோலம் தோன்றும். பொடிக்கட்டம் போட்ட சட்டையிலும் வரும். எடுத்தபின் நீக்குவது பெரும்பாடு. அரையடி முன்னே அல்லது பின்னே நகருங்கள், கோணத்தைக் கொஞ்சம் சாயுங்கள். நடிகரின் சட்டையை மாற்றிவிடுவது அதைவிட லேசு.

வெட்டினால் ஆள் குதிக்கிறார். இருவர் பேசுகிறார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை

ஒரே அளவில் எடுத்த இரண்டு ஷாட்டை அடுத்தடுத்து ஒட்டினால் ஆள் துள்ளுவார். அடுத்த ஷாட்டுக்குப் போகும்போது அளவையும் மாற்றி, கோணத்தையும் குறைந்தது 30 டிகிரி நகர்த்துங்கள். பார்வை பொருந்தாமைக்குக் காரணம், பேசும் இருவருக்கும் நடுவே ஓடும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டியது. முதல் ஷாட் எடுத்ததும் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டால் தாண்டமாட்டீர்கள்.

எடுத்தாகிவிட்டதென்றால் மாற்று ஷாட் ஒன்றை நடுவில் செருகவேண்டும்: டீ ஆற்றும் கை, செருப்பு, கதவின் தாழ்ப்பாள். காட்சிக்கு இப்படி ஐந்து எடுத்து வைப்பவர்கள் எடிட்டிங்கில் அழுவதில்லை. ஆக்‌ஷனுக்கு முன்னும் கட்டுக்குப் பின்னும் 3 வினாடி ஓடவிடுங்கள். வசனம் முடிந்த நொடியே கட் சொன்னால் வெட்ட இடமே இருக்காது.

காட்சி இழுவையாக இருந்தால் வசனத்தைக் குறைக்கும் முன், கேட்பவர் முகத்துக்குப் போகும் வெட்டை 8 முதல் 12 ஃபிரேம் முன்னால் நகர்த்திப் பாருங்கள். பேசுபவர் குரல் அதன்மேல் ஓடட்டும். நெல்லைப் பேச்சு வேகமானது. ஒருவர் முடிக்கும் முன்பே மற்றவர் "அதெப்பிடில?" என்று புகுந்துவிடுவார். ஒவ்வொரு வசனமும் முடிந்தபின் வெட்டினால் நாடக ஒத்திகை போலாகிவிடும்.

மடிக்கணினி திணறுகிறது, கிளிப் எல்லாம் சிவப்பாகிவிட்டது

4 ஜிபி ராம் உள்ள பழைய கணினியில் ரிசால்வ் ஓட்டாதீர்கள். அதற்கு 16 ஜிபி வேண்டும். ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசம், லேசானவை, இரண்டிலும் ப்ராக்ஸி உண்டு. ப்ராக்ஸியை ஆன் செய்தால் சின்ன நகலில் வெட்டலாம், கடைசி ஏற்றுமதி மூலத்திலிருந்து போகும்.

கிளிப் சிவப்பானால் கோப்பு தொலையவில்லை, கோப்புறை நகர்ந்திருக்கிறது. மறுபடி இணைக்கும் கட்டளையில் புது இடத்தைக் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக வந்த கிளிப்பை மூலமாக வைத்து வெட்டாதீர்கள், பாதித் தரம் வழியிலேயே போயிருக்கும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

தமிழ்த் தலைப்பில் கொம்பு இடம் மாறுகிறது

‘கொடை’ என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? மென்பொருளுக்கு இந்திய எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. ப்ரீமியரில் ப்ரிஃபரன்ஸஸ், கிராபிக்ஸ் என்று போய் சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன் என்பதைத் தேர்ந்துவிட்டு மறுபடி தட்டுங்கள். மற்ற மென்பொருளில் அடம்பிடித்தால், தலைப்பை இங்க்ஸ்கேப்பில் செய்து பின்புலமில்லாத பிஎன்ஜி படமாக எடுத்துவந்து மேலே வையுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய உரையை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றவேண்டும். சப்டைட்டில் கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்.

படப்பிடிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்

கோயிலுக்குள், ரயில் நிலையத்தில், களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் எடுப்பதென்றால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி. கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். கூடங்குளம் அணுமின் நிலையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் பக்கம் ட்ரோனை எடுக்கவே வேண்டாம்.

கல்லூரி அரங்கில் பாட்டு கேட்கிறது, வசனம் கேட்கவில்லை

பென்டிரைவில் ஏறாமல் அடம்பிடித்தால் அது ஃபேட்32 வடிவில் இருக்கிறது, 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. 10 நிமிடப் படத்தை வினாடிக்கு 16 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வீதத்தில் எடுத்தால் 1.2 ஜிபிதான் வரும். 1080 திரைக்கு அது தாராளம்.

வசனம் மறைவது வேறு கதை. மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து இரண்டு வளைய முனைக் கம்பியை நேராக மிக்சரின் பேலன்ஸ்டு துளையில் செருகியிருப்பார்கள். அந்தத் துளை இடது ஒலியிலிருந்து வலது ஒலியைக் கழித்து எடுத்துக்கொள்ளும். வசனம் இரண்டிலும் ஒரே அளவில் இருப்பதால் கழித்தால் பூஜ்யம். இடம் வலம் வேறுபடும் இசை மட்டும் மிஞ்சும். படத்தில் குற்றமில்லை. ஸ்டீரியோவை இடம், வலம் என்று இரண்டு தனி முனையாகப் பிரிக்கும் கம்பி ஒன்றை வாங்கி, மிக்சரில் இரண்டு தனித்தனி சேனலில் செருகச் சொல்லுங்கள். கம்பி கைவசம் இல்லையென்றால் டைம்லைனில் எல்லா ஒலியையும் மோனோவாக்கி, இடது சேனலில் மட்டும் வைத்து, வலது சேனலை முழுக்க மௌனமாக்கி இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள். கழிக்க அங்கே ஒன்றும் இருக்காது, வசனம் வந்துவிடும். திரையிடலுக்கு அரைமணி முன்பாவது அரங்குக்குப் போயிருந்தால் இதற்கு நேரமிருக்கும்.